பெயர் மாற்றி வைத்த ஜார் கோப்புகள்: ஹாஷ் வைத்து எந்த லைப்ரரி என்று கண்டுபிடிக்க முடியுமா?

காற்றுமலை | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸின் எபேனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை. மூன்று மாதமாக ஒரு பழைய ஜாவா அப்ளிகேஷன் என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பில்ட் ஸ்கிரிப்டும் அவரோடு போய்விட்டது. சர்வரில் ஓடிக்கொண்டிருப்பது மட்டும்தான் மிச்சம்.

உள்ளே போய் எண்ணினால் 163 ஜார் (ஜாவா லைப்ரரியை அடைத்து வைக்கும் கோப்பு), 6 டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு), வெப் பக்கத்துக்கு 2 ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. மொத்தம் 171. பாதிக்கு மேல் மனிதர் பெயரை மாற்றி வைத்திருக்கிறார். காமன்2.ஜார், யூட்டில்-நுவோ.ஜார் என்று போகிறது. ஒன்றுக்கு 'தொடாதே' என்று பிரெஞ்சிலேயே பெயர்: நே-பா-தூஷே.ஜார். தொடாதே என்று எழுதி வைத்தால் கை அங்கேதானே போகும்?

எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று முழுப் பட்டியலை மாதக் கடைசிக்குள் வாடிக்கையாளர் கேட்கிறார். ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டைப் பார்த்தேன். சிலதில் பதிப்பு எண் இருக்கிறது. சிலதில் எந்தக் கருவி உருவாக்கியது என்ற ஒரு வரியோடு சரி. ஹாஷ், அதாவது கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண், எடுத்துத் தேடினால் தெரிந்துவிடும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். எந்த ஹாஷ், எங்கே தேடுவது?

ரோஸ் ஹில்லில் பள்ளியில் படித்த தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

தூத்துக்குடி_டூ_எபேன் | திங்கள், இரவு 10.15

தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஃபோல்டர்தான் மோசம்.

முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். சர்வரில் இருப்பதைத் தொட வேண்டாம். நகலில் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-1 எடுங்கள். லினக்ஸ் என்றால் எஸ்ஹெச்ஏ1சம் கட்டளை, விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ், அதில் எஸ்ஹெச்ஏ-1 வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் எஸ்ஹெச்ஏ-256தான் வரும்.

ஹாஷ் கோப்பின் பெயரையோ தேதியையோ பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் பைட்டுகளை மட்டும்தான் பார்க்கும். அதனால் அந்த ஆள் காமன்2 என்று வைத்தாலும் சரி, கந்தசாமி என்று வைத்தாலும் சரி, உள்ளே இருப்பது மாறாத வரை 40 எழுத்து அதேதான் வரும்.

இனி தேடுவது. ஜாவா உலகத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் ஒவ்வொரு ஜாரின் பக்கத்திலும் அதன் எஸ்ஹெச்ஏ-1 ஒரு சின்னக் கோப்பாக இருக்கும். அதை வைத்தே தேடவும் வசதி செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக ஒட்டித் தேட வேண்டாம், மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் டிபென்டென்சி-செக் கருவி ஹாஷை எடுத்து, அங்கே கேட்டு, பெயரும் பதிப்பும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளையும் சேர்த்துச் சொல்லும்.

டிஎல்எல்லுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் மேவன் உதவாது. அதற்கு லக்சம்பர்கில் சர்க்கல் என்ற கணினிப் பாதுகாப்புக் குழு நடத்தும் ஹாஷ்லுக்கப் சேவை இருக்கிறது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிடும் என்எஸ்ஆர்எல் என்ற தெரிந்த கோப்புகளின் பட்டியலும் லினக்ஸ் பொதிகளின் ஹாஷ்களும் அதில் சேர்த்திருக்கிறார்கள். இலவசம்.

---

அரைகுறை_ஜாவா | திங்கள், இரவு 10.32

எஸ்ஹெச்ஏ-1ஐ 2017லேயே உடைத்துவிட்டார்களே அண்ணா? ஒரே ஹாஷ் வருகிற இரண்டு பிடிஎஃப் வெளியிட்டார்கள். நிஸ்ட்டே 2030 கடைசிக்குள் இதைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஆடிட்டர் பார்க்கிற பட்டியலில் இதைப் போட்டால் சிரிக்க மாட்டார்களா? எஸ்ஹெச்ஏ-256 எடுக்கச் சொல்லுங்கள்.

---

வாக்குவா_மழை | திங்கள், இரவு 11.20

கேள்வி சரிதான், ஆனால் 'உடைத்துவிட்டார்கள்' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டு மூடிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இங்கே மழை, எப்படியும் தூக்கம் வராது.

2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையமும் கூகுளும் சேர்ந்து செய்தது 'மோதல்'. இரண்டு கோப்பையும் அவர்களே தயாரித்தார்கள். இரண்டிலும் எந்த இடத்தில் எந்த பைட் என்பது அவர்கள் கையில் இருந்தது. அப்படி இருந்தும் ஒரு ஜோடி கிடைக்க ஏறக்குறைய 9-க்குப் பின்னால் 18 பூஜ்யம் அளவு கணக்குப் போட வேண்டியிருந்தது.

காற்றுமலைக்கு வேண்டியது அது இல்லை. ஏற்கெனவே யாரோ எழுதி, பல வருடமாக மேவனில் கிடக்கிற ஒரு ஜார் இருக்கிறது. அதே ஹாஷ் வரும்படி வேறொரு ஜாரை ஒருவன் தயாரிக்க முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி. இது மோதலைவிடப் பல மடங்கு கடினம். எஸ்ஹெச்ஏ-1க்கு மட்டும் இல்லை, 2004லேயே மோதல் கண்டுபிடித்த எம்டி5 என்ற பழைய ஹாஷுக்குக்கூட இதை நடைமுறையில் யாரும் செய்து காட்டவில்லை.

அதற்காக மோதலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல கோப்பு, கெட்ட கோப்பு இரண்டையும் ஒரே ஆள் தயாரித்தால், நல்லதைக் காட்டிப் பட்டியலில் ஏற்றிவிட்டுக் கெட்டதைப் பிறகு நுழைக்கலாம். 2012ல் வெளியே வந்த ஃபிளேம் வைரஸ் எம்டி5 மோதலை வைத்துத்தான் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் போலவே ஒன்றைத் தயாரித்துக்கொண்டது. அந்த இரண்டு பிடிஎஃப் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. வெப்கிட் என்ற உலாவி இயந்திரத் திட்டத்தில் ஒருவர் சோதனைக்காக அந்த இரண்டையும் களஞ்சியத்தில் போட்டார். களஞ்சியத்தை நடத்தும் சப்வெர்ஷன் கருவி இரண்டையும் ஒரே கோப்பு என்று நினைத்துக் குழம்பி, களஞ்சியமே நின்றுபோனது. வில்லன் யாரும் இல்லை, வெறும் சோதனைதான்.

ஆகவே, தேடுவதற்கு எஸ்ஹெச்ஏ-1, ஏனென்றால் பட்டியல்கள் அதில்தான் இருக்கின்றன. கிடைத்த பிறகு மேவனிலிருந்து அந்த ஜாரை இறக்கி, உங்களுடையதோடு எஸ்ஹெச்ஏ-256 ஒப்பிட்டு, ஆடிட்டருக்குப் போகிற பட்டியலில் அந்த 64 எழுத்தைப் போடுங்கள். அவருக்கும் சிரிக்க இடம் இருக்காது.

---

ஏழுகறி | செவ்வாய், காலை 7.05

ஒரு கல் உப்பு கூடினால் மொத்த ஹாஷும் மாறுமாமே? நம்மூர்க் கல்யாணத்தில் ஏழு கறியும் ஒரு தடவைகூட அதே ஹாஷில் வந்ததில்லை.

---

காற்றுமலை | புதன், இரவு 8.50

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஓட்டிப் பார்த்தேன். 163 ஜாரில் 121 உடனே கிடைத்துவிட்டது. காமன்2 என்பது அப்பாச்சியின் காமன்ஸ்-கலெக்ஷன்ஸ் 3.2.1. அந்தப் பதிப்பில் 2015ல் பெரிய ஓட்டை பேசப்பட்டது என்று கருவி சிவப்பில் காட்டுகிறது. சரி, அது தனிப் பாட்டு.

ஒன்று புரியவில்லை. யூட்டில்-நுவோவும் இன்னொரு ஜாரும் மேவனில் கிடைக்கவில்லை. ஹாஷ்லுக்கப்பில் போட்டால் சம்பந்தமே இல்லாத பொதிகளில் எல்லாம் இருக்கிறது என்று வருகிறது. இரண்டுக்கும் ஒரே ஹாஷ் வேறு. எஸ்ஹெச்ஏ-256 'இ3பி0சி442' என்று ஆரம்பிக்கிறது. அக்கா சொன்ன மோதல் இதுதானா?

---

தூத்துக்குடி_டூ_எபேன் | புதன், இரவு 8.58

தம்பி, அந்தக் கோப்பின் அளவு என்ன என்று பாருங்கள்.

---

காற்றுமலை | புதன், இரவு 9.03

பூஜ்யம் பைட். :( இரண்டுமே.

---

தூத்துக்குடி_டூ_எபேன் | புதன், இரவு 9.10

மோதல் இல்லை, காலி. ஒன்றுமே இல்லாததற்கும் ஹாஷ் உண்டு. எஸ்ஹெச்ஏ-1ல் டிஏ39ஏ3இஇ, எம்டி5ல் டி41டி8சிடி9, எஸ்ஹெச்ஏ-256ல் நீங்கள் பார்த்த அந்த இ3பி0சி442. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது மூன்றும் மனப்பாடம். உலகத்தில் காலிக் கோப்பு இல்லாத பொதி குறைவு, அதனால்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று வருகிறது. டிஸ்க் நிரம்பிய நாளில் யாரோ நகலெடுத்திருப்பார்கள்.

---

போர்லூயி_பாட்டையா | புதன், இரவு 9.45

யூட்டில்-நுவோ: புதுசு என்று பெயர், உள்ளே ஒன்றும் இல்லை. தேர்தல் வாக்குறுதி மாதிரி.

---

காற்றுமலை | புதன், இரவு 10.20

:) அந்த இரண்டு போனால் 40 மிச்சம். எங்கேயும் கிடைக்கவில்லை. நே-பா-தூஷேயும் அதில்தான். கிடைக்காவிட்டால் என்ன அர்த்தம்? யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றா? மேலதிகாரியிடம் சொல்லலாமா?

---

வாக்குவா_மழை | புதன், இரவு 11.05

இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கிடைத்தால் உறுதியாக ஒன்று தெரியும். கிடைக்காவிட்டால் எதுவுமே தெரியாது, அவ்வளவுதான்.

ஜார் என்பது ஜிப் கோப்பு. ஜிப்பில் உள்ளடக்கம் மட்டும் இல்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் தேதி நேரம், எந்த அளவுக்குச் சுருக்கியது, எது முதலில் எது பிறகு என்ற வரிசை எல்லாமே பைட்டுகளாக உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒருவர் ஜாரைப் பிரித்து, எதையும் மாற்றாமல் மறுபடி கட்டினாலே ஹாஷ் வேறாகிவிடும்.

உங்கள் அப்ளிகேஷன் பழையது என்றீர்கள். ஒரு காலத்தில் ஜாவா வெப் ஸ்டார்ட்டில், அதாவது உலாவி வழியாக இறக்கி ஓட்டும் முறையில், ஓடியதா? அப்படி என்றால் என் சந்தேகம் அங்கேதான். வெப் ஸ்டார்ட்டில் கூடுதல் அனுமதி வேண்டுமென்றால் எல்லா ஜாரிலும் கம்பெனியே கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் இடும் ஜார்சைனர் கருவி ஓடியதும் மேனிஃபெஸ்டில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ஹாஷ் வரி சேரும், கையொப்பக் கோப்பு இரண்டு புதிதாக வரும். லைப்ரரி அதேதான், ஹாஷ் வேறு. அதோடு பேக்200 என்ற சுருக்கும் கருவியும் ஓடியிருந்தால் இன்னும் தொல்லை. அது கிளாஸ் கோப்பின் உள்ளேயே இருக்கும் மாறிலி அட்டவணையை அடுக்கி மாற்றிவிடும். ஜாவா 14ல் அதைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் பழைய ஜார்கள் அப்படியேதானே இருக்கும்.

---

போர்லூயி_பாட்டையா | வியாழன், காலை 6.30

வரிசை மாறினால் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்டால், பையில் இருக்கும் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலம், அதற்குக் கீழே தமிழ், அதற்குக் கீழே தேவநாகரி. 1998ல் புது நோட்டு வந்தபோது தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள். அதே மூன்று எழுத்து, அதே மதிப்பு, வரிசை மட்டும்தான் மாறியது. நாம் சும்மா இருந்தோமா? நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுத்த வருடம் பழைய வரிசையிலேயே அடித்தார்கள். உங்கள் எஸ்ஹெச்ஏ-256க்கு நம் தமிழர்கள் குணம்.

---

அரைகுறை_ஜாவா | வியாழன், காலை 8.15

ஐயா, இதை எங்கள் டீமில் சொல்லப் போகிறேன். பாதிப் பேர் சென்னையிலிருந்து வந்தவர்கள், நோட்டில் தமிழ் இருப்பதையே சம்பளம் வாங்கிய பிறகுதான் கவனித்திருப்பார்கள்.

---

தூத்துக்குடி_டூ_எபேன் | வியாழன், காலை 8.40

வந்த முதல் நாளே கவனித்தோம், ஐயா.

காற்றுமலைக்கு அடுத்த வழி. கிடைக்காத ஒவ்வொரு ஜாரையும் திறந்து மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் மேவன் என்ற உள்ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். அதில் பாம்.பிராப்பர்ட்டீஸ் என்ற சின்னக் கோப்பில் குழு, பெயர், பதிப்பு மூன்றும் இருக்கும். இது சாட்சி இல்லை, துப்பு. எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். துப்பு சொல்கிற பதிப்பை மேவனிலிருந்து இறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து 'அன்ஸிப் -வி' கொடுங்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் சிஆர்சி-32 எண் வரும். எது பொருந்துகிறது, எது இல்லை என்று ஒரு பார்வையில் தெரியும்.

---

வாக்குவா_மழை | வியாழன், காலை 9.02

ஒரு பார்வைக்கு சிஆர்சி சரி. ஆனால் அது வழியில் பைட் கெட்டுப்போனதா என்று பார்க்கச் செய்தது, வேண்டுமென்றே ஏமாற்றுபவனுக்காகச் செய்தது இல்லை. 32 பிட்தான், விரும்பிய எண் வரும்படி கோப்பைத் திருத்துவது ஒரு மாணவனுக்குக்கூட முடியும். பட்டியலில் எழுதுவதற்கு முன்னால் இரண்டையும் பிரித்து, கிளாஸ் கிளாஸாக எஸ்ஹெச்ஏ-256 ஒப்பிடுங்கள். இருபது வரி ஸ்கிரிப்ட்.

---

காற்றுமலை | வெள்ளி, இரவு 11.30

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். வெப் ஸ்டார்ட் ஊகம் அப்படியே சரி! கையொப்பக் கோப்புகளில் எங்கள் கம்பெனியின் பழைய பெயர்.

40ல் 22 இப்படிக் கிடைத்தது. மேனிஃபெஸ்டையும் கையொப்பத்தையும் விட்டால் கிளாஸ் எல்லாம் ஹாஷ் மாறாமல் பொருந்துகிறது. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று நே-பா-தூஷே.

பாம்.பிராப்பர்ட்டீஸ் சொல்கிறபடி அது பதிவு எழுதும் லைப்ரரியான லாக்4ஜே-கோர் 2.14.1. இறக்கி ஒப்பிட்டேன். எல்லாக் கிளாஸும் பொருந்துகிறது, ஆனால் என்னுடையதில் ஒரு கிளாஸ் குறைகிறது. லுக்கப் ஃபோல்டரில் ஜேஎன்டிஐலுக்கப் மட்டும் இல்லை. யாராவது திருடிக்கொண்டு போனார்களா?

---

வாக்குவா_மழை | வெள்ளி, இரவு 11.52

திருட்டு இல்லை, வைத்தியம். 2021 டிசம்பர் நினைவிருக்கிறதா? லாக்4ஷெல். பதிவேட்டில் ஒரு வரி எழுத வைத்தாலே சர்வரைப் பிடித்துவிடலாம் என்ற ஓட்டை. 2.0-பீட்டா9 முதல் 2.14.1 வரை எல்லாம் மாட்டியது. உடனே பதிப்பை மாற்ற முடியாதவர்களுக்கு அப்பாச்சி திட்டமே சொன்ன வழி, ஜாரிலிருந்து அந்த ஒரு கிளாஸை ஜிப் கட்டளையால் நீக்கிவிடுவது. உங்கள் முன்னவர் அதைத்தான் செய்திருக்கிறார். செய்துவிட்டு, யாரும் அசல் ஜாரைக் கொண்டுவந்து மேலே போட்டுவிடக் கூடாது என்று தொடாதே என்று பெயரும் வைத்திருக்கிறார். மனிதரை இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது ஆபத்தான ஜார்களின் ஹாஷ் பட்டியல்கள் நிறைய சுற்றின. அதை மட்டும் வைத்து ஸ்கேன் செய்தவர்கள் இந்த ஜாரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு கிளாஸ் போனதும் ஹாஷ் மாறிவிட்டது, பட்டியலில் இல்லை. இங்கே அது நல்ல பக்கமாகப் போய்விட்டது. ஆனால் யாராவது வெறும் கையொப்பம் இட்டு, கிளாஸை நீக்காமல் வைத்திருந்தால்? அதுவும் பட்டியலில் இருக்காது. ஆபத்து முழுதாக உள்ளே இருக்கும், ஸ்கேனர் பச்சை விளக்குக் காட்டும்.

அதை அப்படியே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கிளாஸை நீக்கியது முதல் ஓட்டைக்கு மருந்து. அடுத்தடுத்த நாட்களில் வந்ததில் எல்லாவற்றுக்கும் இல்லை. 2.16 வரைக்கும் இருந்த முடக்கும் ஓட்டை ஒன்று அப்படியே இருக்கும். 2.17.1 அல்லது அதற்குப் பிறகு வந்தது எதையாவது போடுங்கள்.

---

ஏழுகறி | சனி, காலை 7.40

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனிதர். ஒரு வரி. ஒரே ஒரு வரி.

---

காற்றுமலை | சனி, காலை 10.10

மிச்சம் 18. அதில் 9 ஜார் பூதாகரமாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து லைப்ரரி ஒன்றாகக் கொட்டிக் கிடக்கிறது. இன்னும் 8 எங்கள் கம்பெனியே எழுதியது, பேக்கேஜ் பெயரே சொல்கிறது. ஒன்று என்னவென்றே தெரியவில்லை.

அதற்கு முன்னால் ஜாவாஸ்கிரிப்ட். இரண்டும் ஜேகுவரிதான் என்று திறந்ததுமே மேலே எழுதியிருக்கிறது. ஒன்று 1.12.4 என்கிறது. ஆனால் ஜேகுவரி தளம் கொடுக்கிற 'இன்டெக்ரிட்டி' மதிப்போடு என் எஸ்ஹெச்ஏ-256 ஒட்டவே மாட்டேன் என்கிறது. அவர்களுடையதில் பெரிய எழுத்து சின்ன எழுத்தெல்லாம் கலந்து, கடைசியில் சமக்குறி வேறு.

---

தூத்துக்குடி_டூ_எபேன் | சனி, காலை 10.45

இரண்டு சிக்கல் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

இன்டெக்ரிட்டி மதிப்பு பேஸ்64ல் எழுதியது, உங்களுடையது பதினாறடிமானம். அதே எண், வேறு உடை. மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். அப்படியும் ஒட்டவில்லை என்றால் வரி முடிவைப் பாருங்கள். விண்டோஸில் கிட் (கோட் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) வைத்துக் கோப்பை எடுத்திருந்தால் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் கூடுதலாக ஒரு பைட் சேர்த்திருக்கும். அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கருவியை ஓட்டிவிட்டு மறுபடி ஹாஷ் எடுங்கள்.

1.12.4 என்று உறுதியானாலும் நிம்மதி வேண்டாம். 3.5.0க்கு முந்தைய ஜேகுவரியில் எக்ஸ்எஸ்எஸ் (வேற்று ஸ்கிரிப்டை நம் பக்கத்தில் ஓட வைக்கும்) ஓட்டை இருக்கிறது, 2020ல் சரிசெய்தார்கள்.

பூத ஜார்களுக்குக் குறுக்கு வழி கிடையாது. கிளாஸ் மட்டத்தில்தான் ஹாஷ் ஒப்பிட வேண்டும். கட்டும்போது பேக்கேஜ் பெயரை மாற்றும் ஷேடிங் செய்திருந்தால் கிளாஸின் உள்ளே இருக்கும் பெயர்களும் மாறியிருக்கும், அப்போது கிளாஸ் ஹாஷும் பொருந்தாது. முதலில் பாம்.பிராப்பர்ட்டீஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள், பெரும்பாலும் ஒவ்வொரு லைப்ரரியும் தன்னுடையதை விட்டுவிட்டுப் போயிருக்கும்.

---

அரைகுறை_ஜாவா | சனி, மதியம் 12.20

எனக்கு ஒரு சந்தேகம். முதலில் கிடைத்த அந்த 121 பொருந்திவிட்டது, அதிகாரபூர்வமானது. அப்படியென்றால் அவை நல்லவை என்று எழுதிவிடலாமா?

---

வாக்குவா_மழை | சனி, மதியம் 1.15

கூடாது. 'தெரிந்தது' என்று எழுதலாம். என்எஸ்ஆர்எல் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஊடுருவல் கருவிகளின் ஹாஷும் இருக்கிறது. இது தெரிந்த கோப்புகளின் பட்டியல், நல்ல கோப்புகளின் பட்டியல் இல்லை என்று நிஸ்ட்டே சொல்கிறது. காற்றுமலையின் காமன்ஸ்-கலெக்ஷன்ஸ் 3.2.1 நூற்றுக்கு நூறு அசல். அசலாக ஓட்டை உள்ளது.

இன்னும் மோசமான உதாரணம் 2024ல் எக்ஸ்ஸி என்ற சுருக்கும் கருவி. 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் பின்கதவு. வெளியிட்டது திட்டத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தவரே. இறக்கிய தார் கோப்பின் (வெளியீட்டுத் தொகுப்பின்) ஹாஷ் அதிகாரபூர்வ ஹாஷோடு அழகாகப் பொருந்தும், கையொப்பமும் பொருந்தும். பின்கதவைத் தூண்டிவிடும் துண்டு தார் கோப்பில் மட்டும்தான், கிட் களஞ்சியத்தில் அந்த வரி இல்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருளாளர் கவனித்திருக்காவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ. எந்த ஹாஷும் அதைச் சொல்லவில்லை, ஒரு மனிதரின் பொறுமையின்மைதான் சொன்னது.

---

போர்லூயி_பாட்டையா | சனி, மாலை 4.00

ஒரு கேள்வி, எனக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன். கம்பெனி எழுதிய 8 ஜாரின் ஹாஷையும் லக்சம்பர்குக்கு அனுப்பிவிட்டாரே தம்பி. அதிலிருந்து அவர்கள் நம் கோடை எடுத்துவிட முடியாதா?

---

தூத்துக்குடி_டூ_எபேன் | சனி, மாலை 4.25

முடியாது ஐயா. 64 எழுத்திலிருந்து கோப்பைத் திரும்பக் கட்ட வழியே இல்லை. 'இந்த ஹாஷ் உள்ள கோப்பு யாரோ ஒருவரிடம் இருக்கிறது' என்பது மட்டும் தெரியும். அதுவும் வேண்டாம் என்றால் ஹாஷ்லுக்கப்பின் ப்ளூம் ஃபில்டரை, அதாவது பட்டியலின் சுருக்க வடிவத்தை, இறக்கிக்கொண்டு நம் கணினியிலேயே தேடலாம். பட்டியலில் இல்லை என்று அது சொன்னால் நிச்சயம் இல்லை. இருக்கிறது என்று சொன்னால் அபூர்வமாகத் தப்பாக இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. வைரஸ் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஹாஷ் போட்டுத் தேடுவது ஒன்று, கோப்பையே ஏற்றுவது வேறொன்று. ஏற்றினால் அந்தச் சேவைக்குச் சந்தா கட்டியவர்கள் அதை இறக்கிப் பார்க்கலாம். கம்பெனி கோடை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

---

மட்டுறுத்துநர் | சனி, மாலை 4.40

கம்பெனிப் பெயர், வாடிக்கையாளர் பெயர் யாரும் எழுத வேண்டாம். இதுவரை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

---

காற்றுமலை | ஞாயிறு, இரவு 9.15

ஜேகுவரி முடிந்தது. 1.12.4க்கு டாஸ்2யூனிக்ஸ் ஓட்டியதும் மாயம் போல ஒட்டிக்கொண்டது. இன்னொன்று ஒட்டாது, ஏனென்றால் கோப்பின் கடைசியில் யாரோ தங்கள் கையாலேயே முப்பது வரி சேர்த்திருக்கிறார்கள். அந்த முப்பதை வெட்டினால் அதுவும் 1.12.4தான். ஒரே லைப்ரரியை இரண்டு தடவை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பூத ஜார் ஒன்பதும் திறந்துவிட்டேன். டிஎல்எல் ஆறில் நான்கு ஹாஷ்லுக்கப்பில் கிடைத்தது. மிச்சம் இரண்டு?

---

வாக்குவா_மழை | ஞாயிறு, இரவு 9.50

விண்டோஸ் டிஎல்எல்லில் டிஜிட்டல் கையொப்பம் கோப்பின் கடைசியில் ஒட்டப்படும். கையொப்பம் இட்டதும் இடாததும் வேறு ஹாஷ். ஆத்தென்டிகோட் ஹாஷ் என்று ஒன்று உண்டு, கையொப்பப் பகுதியையும் செக்சம் இடத்தையும் விட்டுவிட்டுக் கணக்கிடும். அதில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால், கோப்புக்குள் இருக்கும் எழுத்து வரிகளைக் காட்டும் 'ஸ்ட்ரிங்ஸ்' ஓட்டுங்கள். எங்கே இணைத்தாலும் இஸட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரி தன் பெயரைச் சொல்லிவிடும். 'டிஃப்லேட் 1.2.11, காப்புரிமை 1995-2017' என்று ஒரு வரி உள்ளேயே இருக்கும், அதை எழுதிய இருவர் பெயரோடு. 1.2.12க்கு முந்தையது என்றால் அதையும் சிவப்பில் எழுதுங்கள், 2022ல் சரிசெய்த நினைவக ஓட்டை ஒன்று அதில் இருக்கிறது.

---

காற்றுமலை | திங்கள், இரவு 8.30

இரண்டும் இஸட்லிப் உள்ளே வைத்த பிரிண்டர் டிஎல்எல். ஒன்று 1.2.3, ஒன்று 1.2.11. சிவப்பு, சிவப்பு.

கடைசியாக அந்த ஒரு ஜார். நான்கே கிளாஸ். பெயர் ஏ, பி, சி, டி. பாம்.பிராப்பர்ட்டீஸ் இல்லை, மேனிஃபெஸ்டில் ஒன்றும் இல்லை. கம்பெனிப் பேக்கேஜ் பெயரும் இல்லை. சோதனை சர்வரில் அதைத் தூக்கிவிட்டு ஓட்டினேன். எல்லாம் நன்றாக ஓடியது, மாதாந்திர வாட் அறிக்கை மட்டும் ஆகஸ்ட் மாதத்தில் விழுந்தது. மற்ற மாதம் எல்லாம் சரி.

---

தூத்துக்குடி_டூ_எபேன் | திங்கள், இரவு 8.47

பெயரைச் சிதைக்கும் கருவி வழியாகப் போயிருக்கிறது. அதில் ஹாஷ் ஒன்றும் செய்யாது, கருவியும் அதன் அமைப்பும் மாறினால் வேறு மாதிரி வரும். கிளாஸைப் பிரித்துக் காட்டும் ஜாவாபி கட்டளை போட்டு மாறிலிகளைப் பாருங்கள். ஆகஸ்டுக்குப் பிரெஞ்சுப் பெயர் அதில் இருக்கிறதா?

---

காற்றுமலை | திங்கள், இரவு 9.20

இருக்கிறது! பிரெஞ்சில் பன்னிரண்டு மாதப் பெயரும். பிப்ரவரி, ஆகஸ்ட், டிசம்பர் மூன்றுக்கும் உச்சரிப்புக் குறியோடு ஒன்று, குறி இல்லாமல் ஒன்று. ஆனால் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் விழவில்லையே?

---

வாக்குவா_மழை | திங்கள், இரவு 9.41

சோதனை சர்வரில் அந்த இரண்டு மாதத்துக்குத் தரவு இருக்கிறதா?

---

காற்றுமலை | திங்கள், இரவு 9.44

...இல்லை அக்கா. ஏற்றிவிட்டு வருகிறேன். பட்டியலில் இதை என்னவென்று எழுதுவது?

---

வாக்குவா_மழை | திங்கள், இரவு 9.50

பெயர்: தெரியாது. பதிப்பு: தெரியாது. எஸ்ஹெச்ஏ-256: 64 எழுத்து. பயன்: பிரெஞ்சு மாதப் பெயரைப் படிப்பது. அப்படியே எழுதி அனுப்புங்கள். நே-பா-தூஷேயின் பெயரை மாற்றும்போது காரணத்தை மறக்காமல் ஒரு வரி எழுதி வையுங்கள்.